ஊரு பூரா ஆளு

அவள் பெயர் எனக்குத் தெரியாது. பழவேற்காட்டில் யாருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலாமல் இல்லை. "அக்கா, ஒம் பேரு இன்னா?" என்று வாயெடுத்தால் போதும், "பேரா? சொல்றேன், அதுக்குள்ள இத்தக் கொஞ்சம் புடி" என்று எதையாவது கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அது தண்ணீர்ச் சொம்பாக இருக்கும், விசிறியாக இருக்கும், சில வேளை ஒரு மனிதனின் தலையாகக்கூட இருக்கும். அதை எங்கே இறக்கிவைப்பது என்று நாம் முழித்து முடிப்பதற்குள் பெயர் கேட்டதே மறந்துபோயிருக்கும். ஆகையால் அவள் ஊருக்கே அக்கா. கோட்டையில் இருந்த ஒல்லாந்துத் துரைமார்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் அதை ஏதோ உத்தியோகத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒல்லியான உடம்பு, நீளமான கைகள், முன்பல் ஒன்று கிடையாது. சிரித்தால் அந்தச் சந்து வழியாகக் காற்று விசிலடிக்கும். நடக்கமாட்டாள், ஓடுவாள். ஓடிக்கொண்டே பேசுவாள். பாதிப் பேச்சு நமக்குக் கேட்கும், மீதி அடுத்த அறையில் இருப்பவனுக்குக் கேட்கும்.

நான் அப்போது சுண்ணாம்புக்குளத்திலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு ஏரி வழியாகப் படகில் வந்து விற்றுக்கொண்டிருந்தேன். என் அண்ணன் துடுப்புப் போடுவான், நான் கூடை சுமப்பேன். ஒருநாள் நோயாளி வீட்டுக்குச் சுவர் பூசச் சுண்ணாம்பு வேண்டும் என்று ஆள் வந்தது. நோயாளி வீடு என்றால் கோட்டைக்கு வெளியே, ஏரிப்பக்கமாக, ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். இரண்டு நாள் காய்ச்சலுக்குப் படுத்து எழுந்து போகிற இடம் அல்ல அது. கை கால் விழுந்தவர்கள், கண் போனவர்கள், கப்பலில் அடிபட்டு முதுகு ஒடிந்தவர்கள், வயதாகிப் போக்கிடம் இல்லாதவர்கள் வருஷக்கணக்கில் படுத்திருந்த இடம்.

முதல் கூடையை இறக்கி நிமிர்ந்தேன். அக்கா எதிரில் நின்றாள். "வா நைனா, நல்ல வேள வந்த. இந்தக் காலக் கொஞ்சம் புடி" என்றாள்.

பிடித்தேன். அது யானைக்கால். பீத்தர் என்கிற பழைய பீரங்கிக்காரரின் கால். ஒல்லாந்து தேசத்துக்காரர், ஊருக்கு வந்து நம் கொசுவிடம் மாட்டிக்கொண்டவர். முழங்காலுக்குக் கீழே ஒரு உரலைக் கட்டிவைத்ததுபோல இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியில் கழுவ முடியும். தண்ணி எடுத்துக்கினு வரேன் என்று அக்கா போனாள். போனவள் வரவில்லை. வழியில் யாரோ இருமினார்கள், யாருக்கோ கட்டில் கயிறு அறுந்தது, அவள் அங்கே போய்விட்டாள். நான் பிடித்தபடி நிற்கிறேன். கீழே வைத்தால் அவர் வலியில் அலறுகிறார். வெளியே என் அண்ணன், "டேய், சுண்ணாம்பு பூரா தண்ணியில நனயுதுடா" என்று கத்துகிறான்.

பீத்தர் என்னைப் பார்த்தார். அரைகுறைத் தமிழில், "ஒன் பேரு?" என்றார். சொன்னேன். "நேத்து ஒருத்தன் புடிச்சான். சாயங்காலம் வரிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் கால் ஆடுகிறது, கால் ஆடினால் நான் ஆடுகிறேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். "பாத்தியா, ரெண்டு பேரும் சிநேகமாயிட்டீங்க. நாளைக்கும் வந்துடு" என்றாள் அக்கா.

மறுநாளும் போனேன். ஏன் போனேன் என்று என் மனைவி மங்கா கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை.

நோயாளி வீட்டுக்கு ஆள் இல்லாமல் போன கதையைச் சொல்லவேண்டும். முன்பு நிறைய ஆட்கள் இருந்தார்களாம். கோட்டையில் இருந்த பெரிய துரைத்தனம் நாகப்பட்டினத்துக்குக் குடிபோனபோது வைத்தியர், சமையல்காரர், துணி வெளுக்கிறவர் என்று எல்லோரும் கூடவே கப்பலேறிவிட்டார்கள். கப்பலேற முடியாதவர்கள் நோயாளிகள் மட்டும்தான். அவர்களை மேய்க்க இரண்டு துரைமார் மிஞ்சினார்கள். ஒருவர் கோட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். கழுத்தில் எப்போதும் ஈரத்துணி, அப்படியும் வேர்வை நிற்காது. சந்தைத் தமிழ் பேசுவார். இன்னொருவர் அவர்களுடைய வேதக்கோயிலின் தருமக் காரியங்களைப் பார்த்தவர். இவர் நம் பாஷையை ஏட்டில் படித்தவர், பேசினால் சாசனம் வாசிப்பதுபோல இருக்கும்.

அந்த வீடு யாருடையது என்பதில் இருவருக்கும் தீராத வழக்கு. அதிகாரம் என்றால் "எனக்கு" என்பார்கள். செலவு என்றால் "உனக்கு" என்பார்கள். பீத்தரைக் காட்டி, "நம்ம ஆளு இல்லே, சாமி கும்பிடுற ஆளு, கோயில் ஆளு" என்பார் கிடங்குத் துரை. "இவர் பீரங்கி வெடித்தது கோட்டைக்காகவே, ஆதலால் இவர் எமக்குரியவர் அல்லர்" என்பார் கோயில் துரை. நடுவில் படுத்திருக்கும் பீத்தர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

வேலைக்கு ஆள் வைப்பதிலும் இதே கூத்துதான். கிடங்குத் துரை வைத்த ஆளை, கோயிலுக்கு வருவதில்லை என்று கோயில் துரை நிறுத்துவார். கோயில் துரை வைத்த ஆளை, என்னைக் கேட்காமல் யார் வைத்தது என்று கிடங்குத் துரை விரட்டுவார். கடைசியில் மிஞ்சியது அக்கா மட்டும். அவளை மட்டும் ஏன் யாரும் நிறுத்தவில்லை என்றால், அவளை வேலைக்கு வைத்தது மற்றவர் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் சண்டை முற்றும் என்று இருவருக்கும் பயம். சம்பளம் கொடுப்பதும் மற்றவர்தான் என்று இருவருக்கும் நிச்சயம்.

"ஆளு இல்லாம எப்பிடி அக்கா சமாளிக்கிற?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஆளு இல்லனு யாரு சொன்னது? வெளிய போயிப் பாரு. ஊரு பூரா ஆளு" என்றாள்.

அவள் அப்படித்தான் ஊரைப் பார்த்தாள். மீன்கூடை தூக்கிப் போகிறவளைக் கண்டால் நமக்கு மீன் ஞாபகம் வரும். அக்காவுக்கு அவளுடைய இரண்டு கைகள்தான் தெரியும்.

காத்தான் என்று ஒருவன் வெண்கல அண்டாவைத் திருட வந்தான். பட்டப்பகலில், எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் புகுந்துவிட்டான். அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே வரும்போது அக்கா எதிரே வந்தாள். கத்தவில்லை. அண்டாவை அவன் தலையிலிருந்து எடுத்து அடுப்பில் வைத்தாள், அகப்பையை அவன் கையில் கொடுத்தாள். "அடிப்புடிக்காம கிண்டிக்கினு இரு, தோ வந்துட்டேன்." அவன் ஓடியிருக்கலாம். கஞ்சி கொதித்துப் பொங்கியதால் ஓட முடியவில்லையாம். பொங்கினதை அப்படியே விட்டுட்டுப் போவ மனசு வரல என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். கொஞ்சம் உப்பு போட்டான், ருசி பார்த்தான், இன்னும் கொஞ்சம் போட்டான். அன்றிலிருந்து அவன்தான் சமையல். திருடிக்கொண்டு வந்த கொத்தமல்லியைக் கஞ்சியில் தூவுவான். எங்கே திருடினான் என்று நாங்கள் கேட்பதில்லை.

இதையெல்லாம்விட அந்தக் கல்யாணத்தைச் சொல்லவேண்டும். குப்பத்து மாப்பிள்ளை ஒருவன் மேளதாளத்தோடு பெண் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அன்றைக்கு நாங்கள் தரையை மெழுகவேண்டும், கட்டில்களை வெளியே போடவேண்டும். நானும் காத்தானும் மட்டும் இருந்தோம். அக்கா வாசலுக்கு ஓடினாள். என்ன சொன்னாளோ தெரியாது, மேளம் நின்றது. அடுத்த கணம் மேளக்காரர்கள் ஆளுக்கொரு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நாயனக்காரர் நாயனத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பீத்தரைத் தோள் கொடுத்துத் தூக்குகிறார். மாப்பிள்ளை கையில் கஞ்சிக் கிண்ணம்.

அவன் ஊட்டிக்கொண்டிருந்தது சின்னப்பொண்ணு கிழவிக்கு. அந்த வீட்டிலேயே வயதில் மூத்தவள் பெயர்தான் சின்னப்பொண்ணு. ஒரு காலத்தில் கோட்டை அடுக்களையில் அரைத்தவள், இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. ஊட்டுகிறவன் நெற்றியைத் தடவினாள், சந்தனம் ஒட்டியது. கழுத்தைத் தடவினாள், மாலை. "அடப்பாவி, நீ மாப்ளயா? முகூர்த்தம் போவுதுடா!" என்று கத்தினாள். "ஒரு வாய் தான் பாக்கி ஆயா, முயுங்கு" என்றான் மாப்பிள்ளை. அவள் வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டாள். அவளை முழுங்கவைக்க அவன் கெஞ்ச, பெண் வீட்டார் தேடிக்கொண்டு வர, மணப்பெண்ணே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "குடுய்யா இப்பிடி" என்று கிண்ணத்தைப் பிடுங்கி, கிழவியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி அந்த வாயை ஊட்டினாள். முகூர்த்தம் தப்பவில்லை. மூச்சிரைக்க ஓடிப்போய்த் தாலி கட்டினான். ஆனால் பெண்ணின் தாய் வெகுநாள்வரை அக்காவைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

அந்தத் தாயைக் குறை சொல்லமுடியாது. அக்காவிடம் சிக்கினால் நம் வேலை போய்விடும், அது உண்மை. ஒருவன் வலை காயவைத்துவிட்டு வந்தான், ஆடு வலையைத் தின்றுவிட்டது. என் அண்ணன் என்னை நம்பிப் பயனில்லை என்று சுண்ணாம்புக்கு வேறு கூட்டாளி பார்த்துக்கொண்டான். கடைசியில் மங்கா நேரிலேயே வந்துவிட்டாள், என்னைக் கையோடு இழுத்துப் போக. வரும்போதே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள்.

"தோ பாரு, எங்கிட்ட ஒண்ணும் குடுக்காத. நானு வாங்கிக்க மாட்டேன். எம் புருசன வுடு" என்றாள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். காற்று விசிலடிக்கச் சிரித்தாள். "கையி வாணாம்மா. கண்ணு மட்டும் குடு. இந்தக் கெய்வி மூச்சு வுடுறாளானு கொஞ்சம் பாத்துக்கினு இரு" என்று சின்னப்பொண்ணுவின் கட்டிலைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

மங்கா பார்த்துக்கொண்டே நின்றாள். மூச்சு விடுகிறாளா என்று பார்த்தால் கண்ணை எடுக்க முடியுமா? பொழுது சாயும்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கிழவிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சும்மா இருக்காத, போயி வெளக்குக்கு எண்ண ஊத்து" என்றாள்.

அன்று வீடு திரும்பும்போது அக்காவும் துறைவரை எங்களோடு வந்தாள். மங்காதான் கேட்டாள், "ஒன்ன யாரு இங்க வேலைக்கு வெச்சது?"

"யாரும் வெக்கல. நானு கூடையில மடவ மீனு வித்துக்கினு வந்தேன். வைத்தியருதான், ஒரு கெய்வன எங்கையில சாச்சிட்டு, கொஞ்சம் புடி, மருந்து எடுத்தாறேன்னு போனாரு." குனிந்து படகுக் கயிற்றை அவிழ்த்தாள். "நேரா போயி கப்பல் ஏறிட்டாரு."

"அந்தக் கெய்வன்?"

"எங்கையிலதான் செத்தான். அதுக்குள்ள பக்கத்துக் கட்டிலுக்காரன் தண்ணி கேட்டான்."

அந்த ஒரு முறைதான் அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டேன்.

பிறகு அந்தப் பூட்டுச் சண்டை வந்தது. அரிசி இருந்த அறை கோட்டையுடையது. அரிசி கோயில் உண்டியல் பணத்தில் வாங்கியது. ஆகவே கிடங்குத் துரை ஒரு பூட்டுப் போட்டார், கோயில் துரை பக்கத்திலேயே இன்னொரு பூட்டுப் போட்டார். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். சேர்ந்தே வந்தார்கள். ஆனால் யார் முதலில் சாவி போடுவது? முதலில் போடுகிறவன் மற்றவனுக்குக் கீழ்ப்பட்டவன் என்று ஒருவர் நினைத்தார். முதலில் போடுகிறவனே உடையவன் என்று மற்றவர் நினைத்தார். நேற்று நினைத்ததை இன்று மாற்றியும் நினைத்தார்கள். கதவுக்கு முன்னால் நின்று பேசிப் பேசிச் சாவிகளோடு திரும்பிப் போனார்கள்.

முதலில் குப்பத்துக்காரர்கள் தந்த மீனிலும் நண்டிலும் சமாளித்தோம். பிறகு வாடைக்காற்று எழும்பியது, படகு ஒன்றும் இறங்கவில்லை. குப்பத்திலேயே அடுப்பு எரியாதபோது எங்களுக்கு யார் தருவார்கள்? காத்தான் திருடப் போய் வெறுங்கையோடு வந்தான். எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும் பீத்தர் பாட்டை நிறுத்திவிட்டார். பட்டினி கிடந்த அந்த வீட்டில் அக்கா மட்டும் இன்னும் வேகமாக ஓடினாள். எதற்கு ஓடுகிறாள் என்றே தெரியவில்லை. வெறும் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்த நேரத்தில்தான் காத்தான் கோட்டை அடுக்களையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தான். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு துரை வருகிறார். வீட்டை மூடிவிட்டு எல்லோரையும் கப்பலில் ஏற்றிப் போய்விடலாமா என்று பார்க்க வருகிறார்.

"கப்பலா? ஏரியத் தாண்டுறதுக்குள்ளயே எனக்கு வாந்தி வரும்" என்றாள் சின்னப்பொண்ணு. எல்லோரும் சிரித்தோம். பீத்தர் சிரிக்கவில்லை. அவர் கப்பலில் வந்தவர். படுத்த படுக்கையாகக் கப்பலில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

துரை வரும் அன்று காலையில் அக்கா குப்பம் குப்பமாகப் போனாள். காற்று அடங்காததால் ஆண்கள் எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவன், வம்பு பேசிக்கொண்டிருந்தவன், சோம்பல் முறித்துக்கொண்டிருந்தவன், ஒருவரையும் விடவில்லை. வெயில் ஏறுவதற்குள் நோயாளி வீட்டின் கட்டில்கள் அத்தனையும், படுத்திருந்தவர்களோடு, தெருவில் இறங்கின. அந்த மேளக்காரர்களும் வந்தார்கள். கட்டில் கிடைக்காததால் மேளம் அடித்தார்கள். சின்னப்பொண்ணு தன் கட்டிலில் படுத்தபடியே, "இன்னா, எனக்குக் கண்ணாலமா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். சாமி ஊர்வலம்போல ஏரித்துறைக்கு வந்து, வருகிற துரை கண்ணில் முதலில் படும்படி கட்டில்களை வரிசையாக இறக்கினோம்.

துறையில் துரையை வரவேற்கக் கிடங்குத் துரையும் கோயில் துரையும் முன்பே நின்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கிடங்குத் துரை விரட்ட ஓடிவந்தார். ஒரு காலின் தோல் சப்பாத்து சேற்றில் மாட்டிக்கொள்ள, பூநாரைபோல ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். அதற்குள் படகு வந்துவிட்டது.

நாகப்பட்டினத்துத் துரை இறங்கினார். வயதானவர், கடலில் நனைந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வரவேற்பு சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் இருவரையும் தாண்டிக் கட்டில்களைப் பார்த்தார். ஏதோ கேட்டார். கூட வந்த துபாஷி எங்கள் பக்கம் திரும்பி, "இவங்க யாருனு கேக்குறாரு. கோயில் ஆளுங்கனு இவரு சொல்றாரு. கோட்டை ஆளுங்கனு அவரு சொல்றாரு" என்றார். அங்கேயும் வழக்கு தொடங்கிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறியது.

திடீரென்று மங்கா கத்தினாள். சின்னப்பொண்ணு மயங்கிவிட்டாள். எனக்கு அக்காமேல் வந்த கோபம் சொல்ல முடியாது.

"இன்னா அக்கா பண்ணினுகீற? கெய்வி செத்துட்டா இன்னா பண்ணுவ?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை. "செத்துட்டா எம்மேல பழி. உள்ள பட்டினியா கெடந்து செத்தா யாரு மேல நைனா?"

பீத்தரின் கட்டில் மூலை சேற்றில் இறங்காமல் தூக்கிப் பிடித்திருந்த காத்தான் அதை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினான். நாலு மூலையில் ஒன்று சேற்றில் இறங்கியது. யானைக்கால் சரிந்தது. பீத்தர் அலறினார். அக்கா பாய்ந்து வந்து மூலையைத் தூக்கினாள். தூக்கிப் பக்கத்தில் நின்றவர் கையில் வைத்தாள். "இத்தக் கொஞ்சம் புடி."

பக்கத்தில் நின்றவர் நாகப்பட்டினத்துத் துரை.

தெரிந்து கொடுத்தாளா, தெரியாமல் கொடுத்தாளா என்று இன்றுவரை எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அவருக்குப் பாஷை தெரியாது, ஆனால் கனம் தெரிந்தது. பிடித்துக்கொண்டார். "நட நட, வெயிலு ஏறுது" என்று அக்கா முன்னால் ஓடினாள். சின்னப்பொண்ணு முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் திறந்து, "கண்ணாலம் முடிஞ்சிச்சா?" என்றாள். மேளம் மறுபடி எழும்பியது. முழு ஊர்வலமும் திரும்பி நடந்தது. நாகப்பட்டினத்துத் துரை கட்டில் சுமந்து வருகிறார், துபாஷி அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார், கிடங்குத் துரை ஒரு சப்பாத்தோடு நொண்டி நொண்டி வருகிறார். தெருவில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு பொத்தாமலே சிரித்தார்கள்.

பீத்தர் வழியெல்லாம் துரையிடம் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டே வந்தார். முதலில் துரையும் சிரித்தார். பாதி வழியில் சிரிப்பு நின்றது. பீத்தர் என்ன சொன்னார் என்று துபாஷியைக் கேட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வுடு" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டில்களை இறக்கிய பிறகு, துரை நேராக அரிசி அறைக்குப் போய் இரண்டு பூட்டுகளையும் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது, தேய்த்துக்கொண்டே கேட்டார். துபாஷி சொன்னார்: "சம்பள ஆளுங்க மட்டும் கைய தூக்குங்கன்றாரு."

ஒரு கையும் எழவில்லை. அவர் நம்பவில்லை. அப்படியானால் நீங்கள் எல்லாம் ஏன் சுமந்தீர்கள் என்று கேட்டார். மங்காதான் சொன்னாள்.

"கையில குடுத்துட்டா தொரை. கீழ போட முடியுமா? மேல மனுசன் இருக்கான் இல்ல?"

துபாஷி அதைத் தன் வார்த்தையில் சொல்லி முடிக்க நேரமாயிற்று. துரை இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்கி அரிசி அறையைத் தானே திறந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். வீட்டை மூடவேண்டாம். யாரும் கப்பலேறவேண்டாம். ஆனால் இந்த வீடு யாருடையது என்று இரண்டு துரைமாரும் ஒப்புக்கொண்டு ஒரே பூட்டுப் போடும்வரை, இருவரும் இந்த வீட்டிலேயே தங்கவேண்டும், இந்த அண்டாவிலேயே சாப்பிடவேண்டும்.

பீத்தர் பாட்டை மறுபடி ஆரம்பித்தார். அவருக்கு அடுத்த கட்டில்கள் இரண்டையும் அக்கா துரைமாருக்குப் போட்டாள். அந்த நாட்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோயில் துரை ஒருவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மணி, எவ்வளவு நாழிகை யான் இதைத் தாங்குவேன்?" என்று கூப்பிடுவார். கிடங்குத் துரை தன் கழுத்துத் துணியை நனைத்துச் சின்னப்பொண்ணுவின் நெற்றியில் போட்டுவிட்டு, அதை எடுக்க மனமில்லாமல் வேர்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே வாளியின் இரண்டு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். அந்த வாரம் முடிவதற்குள் ஒப்பந்தமாகிவிட்டது. அரிசியும் எண்ணெயும் கோட்டை தரும். துணியும் ஆட்களும் கோயில் தரும். ஒருவர் வைத்த ஆளை இன்னொருவர் நிறுத்தக்கூடாது. ஒரு பூட்டு, ஒரு சாவி, அது ஆணியில் தொங்கும். வேலைக்குக் குப்பத்திலிருந்து புது ஆட்கள் எடுத்தார்கள். காத்தானுக்குச் சமையல் உத்தியோகமானது. மங்காவுக்கும் எனக்கும் வேலை கிடைத்தது. அக்கா எல்லோருக்கும் தலைவியானாள், சம்பளத்தோடு.

புது ஆட்கள் வேலைக்கு வந்த முதல் நாள் மத்தியானம் அக்காவைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினோம். ஒவ்வொரு மூலையிலும் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தாரே தவிர அவள் இல்லை. கடைசியில் மங்காதான் கண்டுபிடித்தாள். சுவரோரம் காலியாக இருந்த கட்டிலில், கால்களை மடக்கி, நீளமான இரண்டு கைகளையும் வெறுமையாக விரித்துப் போட்டுக்கொண்டு அக்கா படுத்திருந்தாள்.

அவள் படுத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மங்கா குனிந்து மூச்சைப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள். முன்பல் சந்து வழியாக மெல்லிய விசில் கேட்டது. தூங்குகிறாள்.

செய்தி பரவிவிட்டது. குப்பத்திலிருந்து ஆட்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கல்யாணப் பெண்ணின் தாய்கூட வந்து பார்த்துவிட்டுப் போனாள். கிடங்குத் துரை நுனிக்காலில் நடந்தார். பீத்தர் இருமலை அடக்கி அடக்கி முகம் சிவந்துபோனார். சின்னப்பொண்ணு, "இன்னாடி ஆச்சு, ஏன் எல்லாரும் பேசமாட்றீங்க?" என்று கேட்க, காத்தான் அவள் காதில் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் குலுங்க, அதைப் பார்த்து அடுத்த கட்டில் குலுங்க, வீடு முழுவதும் சத்தமில்லாமல் சிரித்தது. எங்களில் சிலர் அழுதார்கள் என்றும் நினைக்கிறேன்.

மறுநாள் வெயில் வந்த பிறகுதான் அவள் கண் விழித்தாள். கட்டிலைச் சுற்றி நாங்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். எழுந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தாள்.

"இன்னா, எல்லாரும் சும்மா நிக்கிறீங்க?" என்றாள்.

ஓடினோம் பாருங்கள், துரைமார் உட்பட!